ஜெராக்ஸ் கடையும் கோட்டையூர்க்காரர்கள் ரெண்டு பேரும்

நான் வெளியூர்ல இன்ஜினியரிங் படிச்சப்போ எங்களுக்கு உண்மையான நூலகம்னா, அது கேட்டுக்கு எதிர்ல இருந்த ஜெராக்ஸ் கடைதான். அறுபது பேருக்கு லைப்ரரியில நாலே பிரதி. மத்தவங்களுக்கு ஸ்பைரல் பைண்டிங். அதுல படமெல்லாம் கரி அப்பின மாதிரி இருக்கும்.

என்னைக் கரையேத்தினது என்பிடெல் வீடியோக்கள். அமெரிக்காவில் எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது 2001-ல். இங்கே ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் மத்திய அரசு நிதியில் என்பிடெல்லை 2003-ல் தொடங்கின.

ஆனா எனக்கு இந்தக் கதை எங்க ஊர்ப் பக்கம்தான் ஆரம்பிக்குது. காரைக்குடியை ஒட்டி கோட்டையூர். அந்த ஊர்க்காரர் அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். இதை எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அதே கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு இன்னொருத்தர். மில் முதலாளி இல்ல, கடைகளுக்கு போர்டு எழுதுற ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க தூக்கிப் போடுறதையெல்லாம் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படி! 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கினவங்க கப்பல்ல ஏத்தல; 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகமாக்கி, மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க. என்னைக் கேட்டா, இதுல பெரிய விஷயமே அந்த முடிவுதான்.

பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணிப் பொதுவில் வைக்க முடியும். ஏன்னா, நம்ம சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆனா காப்புரிமை முடிஞ்சிடும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். ஆனா செமஸ்டர் புத்தகத்துக்கு 60 வருஷம் காத்திருக்க முடியுமா? எழுதும்போதே திறந்த உரிமத்தோட எழுதணும்.

இலவசம் வேற, திறந்த உரிமம் வேற. நம்ம பாஷையில சொன்னா, முதலாவது ரீட் ஒன்லி. ரெண்டாவதுல ஃபோர்க் பண்ணலாம், மொழிபெயர்க்கலாம், திருத்திப் பகிரலாம். என்பிடெல் பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் அது முடிகிறது.

இது ஏன் எனக்கு முக்கியம்னா, என் அத்தை மகன் தமிழ் மீடியத்துல மெக்கானிக்கல் படிக்கிறான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கிய வழி அது. போன வாரம் போன்ல, "அண்ணே, நீ சொன்ன வீடியோ நல்லாத்தான் இருக்கு. பரீட்சையை எந்த மொழியில எழுதுறது?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல.

இப்ப வெப்ப இயக்கவியல் முதல் பாடத்தோட எழுத்து வடிவத்தை ரெண்டு பேருமா தமிழாக்கிட்டு இருக்கோம். 'என்ட்ரோபி'யை அப்படியே விடலாமான்னு ரெண்டு நாளா சண்டை.