முத்துக்குளித்துறையில் தமிழ் பயின்ற மேனாட்டார்

தென்பாண்டிக் கடற்கரை முத்தால் புகழ் பெற்றது. கொற்கைக் காலந்தொட்டு இக்கரையின் முத்தைத் தேடிப் பல நாட்டு வணிகரும் வந்துள்ளனர். வந்தவர்க்கெல்லாம் இந்நாட்டு மொழியில் சில சொற்கள் தேவைப்பட்டன. விலை, எடை, நாள், கூலி, தோணி, சிப்பி என்னும் அளவில் அத்தேவை முடிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வந்த மேனாட்டுத் துறவியர்க்கோ அவ்வளவு போதவில்லை. கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாத கருத்துகளைத் தமிழில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு நேர்ந்தது. நம்பிக்கை, அருள், மனம் வருந்துதல், மன்னிப்பு ஆகியவற்றைச் சுட்டும் சொற்களைக் கடைத்தெருவில் விரல் நீட்டிக் கேட்டு அறிய முடியாது. அயல்மொழி ஒன்றின் உயர்நிலைச் சொற்களைக் கற்பதில் உள்ள இடர்ப்பாடு முழுவதையும் வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு ஆகிய ஊர்களின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

ஒரு சொல்லின் பிழை

1542ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பரதவ மக்கள் கிறித்தவ சமயத்தைத் தழுவியிருந்தனர். ஆயினும் அச்சமயத்தின் பொருளை அவர்களுக்கு அவர்தம் மொழியில் எடுத்துரைப்பார் இல்லை. சவேரியாரின் தாய்மொழி பாஸ்கு. மக்களுக்கோ தமிழன்றிப் பிறிதொன்றும் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரை ஒருங்கு கூட்டி, அவர்கள் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டி அவர் கற்பித்தார்.

மனப்பாடம் வேறு, மொழியறிவு வேறு. அவ்வேறுபாட்டைச் சவேரியாரே விரைவில் உணர்ந்தார். 1544ஆம் ஆண்டில் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய மடலில் ஒரு திருத்தத்தை அவர் அறிவிக்கிறார். ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்ற தொடர் இடம்பெற்றிருந்தது. அது விருப்பத்தைக் குறிப்பது; நம்பிக்கையைக் குறிப்பதன்று. எனவே ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவாசம்’ என்னும் பொருள் தரும் சொல்லை ஆளும்படி அவர் பணித்தார். இயேசு பெருமான் பாடுபட்டதைக் கூறுமிடத்தில் வலிந்து நிகழ்ந்தது என்ற பொருள் தரும் ஒரு சொல் அமைந்துவிட்டதையும் சுட்டி, அப்பாடு விருப்பத்தோடு ஏற்றதாகலின் அச்சொல் ஆகாது என்றார்.

இரண்டு ஆண்டுகளாக ஊர்தோறும் ஓதப்பட்ட மன்றாட்டின் உயிர்நிலைச் சொல்லே பிழையாக இருந்தது என்பது சிறிய செய்தியன்று. கடவுளை நம்புவதும் கடவுளை வேண்டும் என்பதும் வேறு வேறு நிலைகள். அத்திருத்தம் நிலைபெற்றது. ‘விசுவாசிக்கிறேன்’ என்னும் சொல் இன்றளவும் தமிழ்க் கிறித்தவர் நாவில் வழங்குகிறது.

அண்டிரிக் அடிகளாரின் வழி

சவேரியாருக்கு இக்கரையில் நெடிது தங்க வாய்ப்பில்லை. அவர் விட்ட பணியைத் தொடர்ந்தவர் போர்த்துகல் நாட்டு விலாவிசோசாவில் 1520இல் பிறந்த அண்டிரிக் அடிகளார். 1546இல் கோவாவை அடைந்த அவர், அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1600ஆம் ஆண்டில் மறையும்வரை அவர்தம் வாழ்வின் பெரும்பகுதி இக்கரையிலேயே கழிந்தது.

தொடக்கத்தில் தமிழ் அவருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. துபாசியின் வாயைப் பார்த்துப் பேசும் நிலை அவரை வருத்தியது. பின்னர் அவர் வேறொரு வழியைக் கண்டார். தனிச் சொற்களைத் திரட்டுவதோடு நில்லாமல், சொல் எவ்வாறு உருமாறுகிறது என்பதை ஆராயத் தொடங்கினார். இலத்தீன் இலக்கணத்தில் தாம் கற்ற வேற்றுமை, காலம், இடம் ஆகிய பாகுபாடுகளைக் கொண்டு, மக்கள் பேசக் கேட்ட தமிழை வகைப்படுத்தி எழுதினார். அம்முயற்சியில் விளைந்ததே ‘மலபார் மொழிக் கலை’ என்னும் பொருள்படும் போர்த்துகீசியத் தலைப்பைக் கொண்ட தமிழ் இலக்கணம். அக்காலப் போர்த்துகீசியர் தமிழையும் மலபார் மொழி என்றே வழங்கினர். அதன் கையெழுத்துப்படி லிசுபன் நாட்டு நூலகத்தில் உள்ளது. 1982இல் அது பதிப்பிக்கப்பெற்றது; ஜீன் ஹைன், வை. சு. இராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது.

அந்நூலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நன்னூல் முதலியன செய்யுள் வழக்கைப் பேணியவை. அடிகளாரின் நூலோ அன்றாடம் காதில் விழுந்த பேச்சைப் பதிந்து வைத்தது. இலக்கணப் புலவர் பொருட்படுத்தாது விட்ட பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சு வழக்கு, மொழி அறியாத ஒருவர் கற்க முயன்றமையால் நமக்குக் கிடைத்துள்ளது.

உடனிருந்த துறவியர் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும் என்ற ஒழுங்கையும் அடிகளார் ஏற்படுத்தினார். தவறியோர் அதற்கு ஈடாக ஒறுத்தல் செய்ய வேண்டியிருந்தது. நூலில் கற்ற சொல் நாவிற் பழகினாலன்றித் தக்க நேரத்தில் உதவாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்பயிற்சியின் பயனாக அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறு நூல், இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூலாகும். ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் வெளிவந்தது. ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சாயிற்று. அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் பொருள் வழங்கினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கீழ்த்திசை நாடுகளில்

முத்துக்குளித்துறையில் எழுந்த சொற்சிக்கல் இக்கரையோடு நின்றுவிடவில்லை. இங்கிருந்து சென்ற சவேரியார், ஜப்பானில் கடவுளைக் குறிக்க ‘தைநிச்சி’ என்ற சொல்லை முதலில் ஆண்டார். அது பௌத்தர் வழிபடும் ஒரு புத்தரின் பெயர் என்று பின்னர்த் தெரிந்ததும் அதைக் கைவிட்டு, இலத்தீன் சொல்லாகிய ‘தேயுசு’ என்பதையே வழங்கலானார். மணப்பாட்டில் பெற்ற படிப்பினை அங்கும் அவருக்கு மீண்டும் நேர்ந்தது.

‘தம்பிரான் வணக்கம்’ அச்சான 1578ஆம் ஆண்டில் மிக்கேல் ருஜியேரி என்னும் இத்தாலியத் துறவி கோவாவுக்கு வந்தார். மலபார் மொழியைக் கற்று, ஆறே மாதத்தில் மக்களின் பாவ அறிக்கையைக் கேட்குமளவு தேர்ச்சி பெற்றார். 1579இல் அவர் சீன மொழி பயில மக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு மத்தேயோ ரிச்சியோடு இணைந்து 1580களில் அவர் உருவாக்கிய போர்த்துகீசிய–சீன அகராதி, ஐரோப்பிய மொழிக்கும் சீனத்துக்கும் இடையே எழுந்த முதல் அகராதியாகக் கருதப்படுகிறது. அதன் கையெழுத்துப்படி 1934இல் உரோமையில் கண்டெடுக்கப்பட்டது. இன்று சீனர் ஒருவர் ஆங்கிலத்தின் அருஞ்சொற்களை அகராதியைப் புரட்டிக் கற்கிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன் மேனாட்டார் சீனத்தின் அருஞ்சொற்களுக்காக அவ்வாறே உழைத்தனர்.

நின்ற சொல்லும் நீங்கிய சொல்லும்

அண்டிரிக் அடிகளார் தம் நூல்களில் எல்லாவற்றையும் தமிழாக்கத் துணியவில்லை. ‘தம்பிரான்’, ‘வணக்கம்’ போன்ற நல்ல தமிழ்ச் சொற்களைத் தலைப்பிலேயே அமைத்த அவர், அருளைக் குறிக்கக் ‘கிராசா’ என்பது போன்ற போர்த்துகீசியச் சொற்களையும் தமிழ் எழுத்தில் பெய்து எழுதினார். பொருள் திரிந்துவிடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம் எனலாம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் முதலானோர் காலத்தில் இந்நிலை மாறியது. அருள், கோயில், பூசை, குரு ஆகிய சொற்கள் அவ்விடங்களைப் பெற்றன.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. மேசை, சாவி, அலமாரி, சன்னல், கோப்பை எனப் போர்த்துகீசியர் கொணர்ந்த பொருட்பெயர்கள் தமிழகம் முழுதும் இன்றும் வழங்குகின்றன. அவர்கள் கொணர்ந்த கருத்துப்பெயர்களோ பெரும்பாலும் வழக்கொழிந்தன. புதிய பொருள் தன் பெயரோடு வீட்டுக்குள் வந்துவிடும். கருத்து அவ்வாறு வருவதில்லை. கேட்போர் உள்ளத்தில் முன்னரே வேரூன்றிய சொல் ஒன்றைப் பற்றியே அது வளர்கிறது. உயர்நிலைச் சொற்களைக் கற்பவர் இரு மொழிகளின் சொற்களை எதிரெதிரே எழுதி மனப்பாடம் செய்வதால் மட்டும் வெற்றி பெறாமைக்கு இதுவே காரணம்.

பின்னர் அந்தாம் தெ புரோயன்சா தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி, அவர் மறைந்த பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் தம் பணியைத் தொடங்கிய வீரமாமுனிவர், கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதி, 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் ‘சதுரகராதி’யை அமைத்தார். பேச்சுமொழியில் தேர்ந்தவர் இலக்கிய மொழிக்கு மீண்டும் மாணவராக வேண்டும் என்பதை அவ்விரு இலக்கணங்களும் உணர்த்துகின்றன. 1839இல் தமிழகம் வந்து சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப், 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டதும் இவ்வழியில் வந்த பயனேயாகும்.

பெயரிலா ஆசிரியர்கள்

இவர்கள் புகழ் நூல்களில் நிலைபெற்றுள்ளது. இவர்களுக்குச் சொல் கொடுத்தோர் யாவர்? 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய மறைநூலை உருவாக்கியோர் வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா தெ குரூஸ் என்னும் தமிழர் மூவர். அந்நூல் அவர்கள் பெயரைக் காத்தது. ‘வேணும்’ என்பது பொருந்தாது என உணர்த்திய நாவும், அண்டிரிக் அடிகளார் பிழைபடப் பேசியபோதெல்லாம் திருத்திய துபாசியும், புன்னைக்காயல் திண்ணையில் ஒரே வினையைப் பத்து முறை சொல்லிக்காட்டிய முதியோரும் பெயரின்றி மறைந்தனர்.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1954இல் வத்திக்கன் நூலகத்தில் ‘அடியார் வரலாறு’ நூற்படியைக் கண்டார். ச. இராசமாணிக்கம் அடிகள் அதைப் பதிப்பிக்க, 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. முத்துக்குளித்துறையில் பிறந்த நூல் முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கரைக்கு மீண்டது. அதன் பக்கங்களைப் புரட்டுவோர் ஆசிரியர் பெயரோடு அக்கரை மக்களின் குரலையும் கேட்டல் வேண்டும். மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்துக் கொடுத்த அம்மக்களே அயலார்க்குச் சொல்லும் எடுத்துக் கொடுத்தனர். அக்கொடைக்குரிய நன்றியைச் செலுத்தும் கடமை தமிழ் பயில்வார் அனைவர்க்கும் உண்டு.