மைசூர்பாகும் சுத்தியலும்: ஒரு தீபாவளி ஜோக்கின் வரலாறு

பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் தீபாவளி இதழ்களில் பட்டாசு ஜோக், மாப்பிள்ளை ஜோக் ஆகியவற்றோடு மைசூர்பாகு ஜோக்கும் தவறாமல் இருக்கும். வீட்டம்மா ஆசை ஆசையாகச் செய்து நீட்டுவார். கணவர் சுத்தியலைத் தேடுவார். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பல் டாக்டரிடம் ஓடுவார். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய துண்டு, அங்கே கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவும். அரைத்த மாவையே அரைத்தாலும் தலைமுறை தலைமுறையாக நாம் சிரித்தோம்.

இந்த இனிப்பு அரண்மனையில் பிறந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா இதை முதலில் செய்ததாகச் சொல்வார்கள். அவருடைய வழிவந்தவர்கள் மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் இன்றும் கடை நடத்துகிறார்கள். ராஜா வீட்டுப் பண்டம் நடுத்தர வீட்டு அடுப்புக்கு இறங்கி வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

இன்னொரு பக்கம், சிரிப்புக்கென்றே பத்திரிகைகள் வளர்ந்தன. ஆனந்த விகடனை எஸ்.எஸ். வாசன் 1928இல் வாங்கினார். கல்கி 1941இலும் குமுதம் 1947இலும் வந்தன. மாலி, கோபுலு போன்ற ஓவியர்கள் நாலு கோட்டில் ஒரு குடும்பத்தையே நம் கண்முன் நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்துக்குத் தீபாவளி வந்தால் மைசூர்பாகும் வந்தாக வேண்டும்.

ஏன் மைசூர்பாகு மட்டும் இப்படி மாட்டிக்கொண்டது? லட்டு உதிர்ந்தால் மறுபடி பிடிக்கலாம். முறுக்கு உடைந்தால் உடைந்த முறுக்கு, அவ்வளவுதான். மைசூர்பாகுக்கு இரண்டாம் வாய்ப்பே கிடையாது. ஒற்றைக் கம்பிப் பதத்தில் கடலைமாவைத் தூவி, காய்ந்த நெய்யை விட்டுக் கிளறிக்கொண்டே இருந்து, கூடு கூடாகப் பொங்கும் நேரத்தில் தட்டில் கொட்ட வேண்டும். கொஞ்சம் முந்தினால் அல்வா. கொஞ்சம் பிந்தினால், பாகில் இருக்கும் நீர் வற்றிச் சர்க்கரை கல்லாக இறுகிவிடும்.

சிரித்தவர்கள் மறந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பல வீடுகளில் விறகும் கரியும்தான் எரிபொருள். குமிழைத் திருப்பித் தீயைத் தணிக்க வழியில்லை. விறகை இழுத்துத்தான் தணிக்க வேண்டும். இண்டேன் சிலிண்டரே 1965இல்தான் வந்தது. நெய்யோ விலை அதிகம். 1937இல் வந்த டால்டா பல வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்தது. போர்க்காலத்தில் சர்க்கரைக்குப் பங்கீடு. இத்தனைக்கும் நடுவில் ஒரு தாம்பாளம் மைசூர்பாகு கிளறிய கைதான் ஜோக்கில் அடி வாங்கியது. ஜோக் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வாணலிப் பக்கம் போயிருந்தால் பலருக்குப் பேனா ஓடியிருக்காது.

ஆனாலும் அந்தச் சிரிப்பில் ஓர் உரிமை இருந்தது. கல்லாக இருந்தாலும் அந்தத் துண்டு நாலு வீட்டுக்குப் போனது. கொண்டுவந்த தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பதால், அந்த வீட்டு அதிரசமோ தேன்குழலோ அதில் ஏறித் திரும்பி வந்தது. எந்த வீட்டு மிக்சரில் உப்பு தூக்கல், எந்த வீட்டு லட்டில் முந்திரி தாராளம் என்று தெருவுக்கே தெரியும்.

பிறகு கடைப் பெட்டிகள் வந்தன. கோவையில் 1948இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், நெய் சொட்டும் மிருதுவான ‘மைசூர்பா’வைப் பிரபலமாக்கியது. பல்லுக்கு வேலை போனது. ஜோக்குக்கும் விஷயம் போனது. பெட்டி இனிப்பைக் கேலி செய்ய முடியாது, ஏனென்றால் அதைச் செய்தவரை நமக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்கு வந்த பெட்டி, பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டுக்குப் போவதும் நாம் அறியாததல்ல.

கடைப் பெட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. வேலைக்குப் போய்வரும் வீடுகளுக்கு அது பெரிய ஒத்தாசை. ஆனால் வருஷத்துக்கு ஒரு பண்டமாவது வீட்டில் கிளறி, எதிர் வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்துப் பார்க்கலாம். ஆண்களும் கரண்டி பிடிக்கலாம். கல்லானால் கேலி சமமாகப் பங்காகும். பதம் தப்பினால் கவலை வேண்டாம். உடைத்துப் பொடித்துச் சூடான பாலில் போட்டால் குழந்தைகள் சத்தமில்லாமல் குடித்துவிடுவார்கள். சுத்தியல் எப்படியும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.