முருகைக்கல்லில் மலர்ந்த கலை

மாமல்லபுரத்தையும் பொலன்னறுவையையும் பாடநூலிற் படித்து வளர்ந்த நமக்குச் சிற்பம் என்றதும் கருங்கல்லே நினைவுக்கு வருகிறது. ஆனால் கருங்கல்லை வெல்வது தேர்ந்த கையின் வேலை. உளி பிடிக்கப் பழகுகிறவன் மெல்லிய கல்லிலேதான் தொடங்க வேண்டும். அதனால் மெல்லிய கல்லைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. 1117இல் எழுந்த பேலூர்க் கோயிலின் நுணுக்கமெல்லாம் மாக்கல்லின் கொடையன்றோ! வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப்பட இறுகும் கல் அது. அதே இயல்புடைய இன்னொரு கல் நம் கடலிலும் கிடந்தது. முருகைக்கல்லையே சொல்கிறோம்.

கிழக்குக் கரையில் அதற்கு நேர்ந்த கதியை யாவரும் அறிவர். கல்குடாப் பகுதியில் அதனைப் பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர். சுவரும் வெளுத்தது, வெற்றிலையும் சிவந்தது. அவ்வளவே. கருங்கல்லே கிடையாத மாலைதீவின் மக்களோ அதே பொருளைக் கலையாக்கினர்.

ஆழமற்ற கடலிலிருந்து முருகைக் கட்டிகளைப் பெயர்த்துக் கரைசேர்ப்பர். ஈரம் இருக்கும்வரை அவை வாளுக்கும் கோடரிக்கும் மரம்போல் இணங்கும். வேண்டிய அளவுக்கு அறுத்து உலரவிட்டால் இறுகிவிடும். பின்னர் உளிகொண்டு கொடியும் கோலமும் அறபு எழுத்தும் புடைப்பாகச் செதுக்குவர். சுவரெழுப்பும் முறையோ வியப்புக்குரியது. சாந்து பூசாமல், தச்சன் பலகையைப் பூட்டுவதுபோல, ஒரு கல்லின் நாக்கை மறுகல்லின் பள்ளத்திற் பொருத்தினர். மாலே நகரின் ஹுகுரு மிஸ்கீ, அதாவது வெள்ளிக்கிழமைப் பள்ளி, இவ்வாறு எழுந்ததே. 1658இல் சுல்தான் முதலாம் இப்ராகிம் இஸ்கந்தர் கட்டுவித்தது அது.

இக்கலை பள்ளிவாசலோடு பிறந்ததன்று. 1153இல் மன்னன் இஸ்லாத்தைத் தழுவுமுன் அத்தீவுகளில் பௌத்தம் நிலவிற்று. புத்தர் தலைகளும் தூபிகளின் உறுப்புகளும் முருகைக்கல்லிலேயே செய்யப்பட்டன. மாற்றம் அமைதியாக நிகழ்ந்ததென்று எழுதிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் அந்நூற்றாண்டின் இறுதியிற் பொறிக்கப்பட்ட செப்பேடுகள், விகாரைகள் அழிக்கப்பட்டதையும் பிக்குகள் கொல்லப்பட்டதையும் மறைக்கவில்லை. அரசன் மாறினான், வழிபாடு மாறிற்று. உளி பிடித்த கையின் பயிற்சி மட்டும் தொடர்ந்தது. உருவம் வடித்த தொழிலே பின்னர் எழுத்தையும் கொடியையும் வடித்தது. ஹுகுரு மிஸ்கீயின் கட்டடம் இன்றும் நேர்மேற்கைப் பார்த்து நிற்க, தொழுவோர் மக்கா நோக்கி வடமேற்காகத் திரும்பி நிற்கின்றனர். பழைய கோயிலின் அடித்தளத்தில் எழுந்ததே காரணமென்பர்.

2012 பெப்ரவரி 7ஆம் நாள், அரசியற் குழப்பத்திடையே ஒரு கும்பல் மாலே அரும்பொருட் காட்சிசாலையிற் புகுந்து, எஞ்சியிருந்த பௌத்தச் சிற்பங்களை உடைத்தது. ஏறத்தாழ 30 பொருள்கள் சிதைந்தன. அவற்றை வணங்குவார் எவரும் அத்தீவில் இருக்கவில்லை. உடைபட்டவை தெய்வங்களல்ல, அம்மக்களுடைய முன்னோரின் கைவேலை.

இது நமக்கு அயலார் கதையன்று. கல்முனைப் பக்கத்தில் சித்திர வகுப்பிலே களிமண்ணைக் கையிலெடுக்கும் மாணவன், “வாப்பா ஏசுவார் சேர்” என்று தயங்குவதை நாம் காண்கிறோம். தகப்பனாரின் கவலையை ஏளனஞ் செய்வதற்கில்லை. உருவம் ஆகாதென்றே கொள்வோம். செதுக்குதலே ஆகாதென்று எவர் சொன்னார்? ஹுகுரு மிஸ்கீயின் சுவரைவிடத் தக்க சான்று வேண்டுமோ? ஆண்களின் மீசான் கற்களுக்குக் கூர்முனையும் பெண்களுடையவற்றுக்கு வட்ட முனையும் வைத்து, உடலெங்கும் எழுத்தோவியம் நிரப்பியிருக்கிறார்கள் அதன் முற்றத்திலே. மருதமுனைத் தறியிற் சாறனுக்குக் கட்டமும் கோடும் கணக்கிடும் குடும்பத்துப் பிள்ளைக்கு அக்கோலங்கள் புதியனவுமல்ல.

முருகைக்கல்லை இனி நாம் தொடுதற்கில்லை. கரையோரத்தில் அதனை அகழ்வதை 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுத்துவிட்டது. தடுத்ததும் சரியே, பாரை கரையைக் காப்பது. பழகுவதற்குச் சவர்க்காரக் கட்டி போதும். மேல் முகத்திற் பென்சிலால் ஒரு கொடியை வரைந்து, கொடிக்கு வெளியே உள்ளதை மட்டும் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாதாகையால் முதல் நாள் ஓர் இலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.