தாத்தா பேர் தாங்கிய டகோட்டா

நம்ம சிவகாசிப் பக்கம் சரவெடி வெடிச்சு முடிஞ்சா மிச்சம் காகிதக் குப்பைதான். போருக்குப் போய்வந்த விமானங்களின் கதியும் பெரும்பாலும் அதுதான், காயலான் கடை.

1947 அக்டோபர் 27. சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாளியன் வீரர்கள் டகோட்டா விமானங்களில் ஸ்ரீநகர் போய் இறங்கினார்கள். தளபதி லெப்டினன்ட் கர்னல் ரஞ்சித் ராய் அன்றே வீரமரணம் எய்தினார். விமானத்தளமோ தப்பியது. 1971 டிசம்பர் 11இல் டாங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கியதிலும் டகோட்டாவுக்குப் பங்குண்டு.

2011இல் அயர்லாந்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு டகோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, செப்பனிட்டு, நம் விமானப்படைக்கு அன்பளிப்பாக வழங்கினார். அவர் தந்தை எம்.கே. சந்திரசேகர் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 2018 மே 4இல் ஹிண்டன் தளத்தில் 'பரசுராமா' என்ற பெயரோடு அது படையில் சேர்ந்தது. வாலில் எழுதிய எண் வி.பி. 905. அது ஸ்ரீநகர் போன விமானத்தின் எண்.

ஆக, எண் ஒன்று, உடம்பு வேறு. இது சரியா என்று கேட்பீர்கள். சரித்திரம் படித்தவன் நான் சொல்வது இதுதான்: தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம்ம வழக்கம்தானே? வைக்கலாம். ஆனா, பேரனையே தாத்தான்னு சொல்லிடக் கூடாது!