கடற்காற்றில் வாகனங்கள்: துரு எங்கே ஒளிந்திருக்கிறது? அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே அமைந்துள்ள அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (போர்ட் பிளேர்) டெய்ரி ஃபார்ம் உள்ளிட்ட எந்தக் குடியிருப்புப் பகுதியும் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் உள்ளது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, குறையாத ஈரப்பதம், காற்றில் கலந்த உப்பு ஆகிய மூன்றும் இங்குள்ள வாகனங்களைத் தொடர்ந்து அரிக்கின்றன. புதிய வடிவமைப்புகள் பழைய கோளாறுகள் பலவற்றைக் குறைத்துள்ளன. எனினும், துரு இப்போது கண்ணில் எளிதில் படாத இடங்களில் தொடங்குகிறது. ஏற்ற இறக்கமான சாலைகள் நிறைந்த இந்நகரில் அத்தகைய இடங்களுள் முதன்மையானது பிரேக் குழாய்.

துரு பிடிப்பது ஏன்?

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் அதன் மின்கடத்தும் திறன் அதிகரித்து, அரிப்பு விரைவடைகிறது. உப்பு காற்றின் ஈரத்தையும் ஈர்த்து வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாள்களிலும் உலோகப் பரப்பு ஈரமாகவே இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடலோரச் சூழலில் உலோகங்கள் அரிக்கப்படும் விதத்தை மண்டபத்தில் உள்ள தனது நிலையத்தில் ஆராய்ந்து வருகிறது.

அரிப்பைத் தடுக்க, பல கார்களின் உடற்பகுதியில் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடுகள் இப்போது பயன்படுத்தப்படுகின்றன. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. உடற்பகுதி முழுவதையும் பூச்சுத் திரவத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தும் முறையால் உட்புற மூலைகளுக்கும் பூச்சு சென்றடைகிறது. ஆனால், வாகனத்தின் அடிப்பகுதியில் கற்கள் பட்டுப் பூச்சு பெயர்ந்த இடங்களிலும், கதவின் கீழ் விளிம்பில் உள்ள நீர்வடி துளைகள் சேறு, சருகுகளால் அடைபட்ட இடங்களிலும் அரிப்பு மீண்டும் தொடங்குகிறது.

பிரேக்: முதல் கவனம்

கார்களின் பிரேக் திரவம் அடிப்பகுதியில் செல்லும் மெல்லிய எஃகுக் குழாய்கள் வழியாகச் சக்கரங்களை அடைகிறது. குழாயைப் பொருத்தும் கிளிப்புகளின் இடுக்கில் உப்புச் சேறு தங்கினால் அங்கு துரு பிடித்து, அழுத்தத்தில் குழாய் வெடிக்கக்கூடும். இதைக் கருதியே தற்காலக் கார்களில் பிரேக் அமைப்பு இரு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று இயங்கும். ஆனால் வாகனம் நிற்பதற்கான தூரம் அதிகரிக்கும். மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்குவது, திரவத்தின் அளவு குறைவது, பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிவது ஆகியவை உடனடியாகக் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

பிரேக் திரவமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட்-4 தர விதிப்படி, புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் கலந்த நிலையில் அதன் வரம்பு 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்த வேறுபாடு ஆபத்தாக மாறக்கூடும்.

இருசக்கர வாகனங்கள்

நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இதையடுத்துப் பெரும்பாலான இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் முறை (எஃப்.ஐ.) இடம்பெற்றது. கார்புரேட்டரின் ஜெட் அடைபட்டால் கழற்றிச் சுத்தம் செய்வது எளிது. புதிய முறையோ மின்பம்பு, உணர்கருவிகள், பேட்டரி ஆகியவற்றைச் சார்ந்தது. வயர் இணைப்பிகளில் பச்சை நிறத்தில் படியும் களிம்பு, இயந்திரம் இடையில் நின்றுபோகக் காரணமாகலாம்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. சக்கரத்தின் உணர்கருவியில் துருவோ சேறோ படிந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது வழக்கமான பிரேக் பொதுவாக இயங்கும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதி மட்டும் கிடைக்காது.

கார்களும் லாரிகளும்

நகரில் பயணத் தொலைவு குறைவு. இயந்திரம் முழுமையாகச் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுவதால், புகையில் உள்ள நீர் சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. பி.எஸ்.6 டீசல் வாகனங்களில் உள்ள புகைக்கரி வடிகட்டி (டி.பி.எஃப்.), அதிக வெப்பத்தில் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. குறுகிய பயணங்களில் இது நிறைவடையாமல் வடிகட்டி அடைபடக்கூடும். அதற்கான விளக்கு எரிந்தால், வாகனக் கையேட்டில் கூறியபடி சற்று நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓட்டுவது பெரும்பாலும் பலனளிக்கும்.

லாரி, பேருந்துகளில் அழுத்தக் காற்றே பிரேக்கை இயக்குகிறது. காற்றில் உள்ள ஈரம் தொட்டிகளில் நீராகத் தேங்கி வால்வுகளை அரிக்கிறது. இதைத் தடுக்க ஏர் டிரையர் பொருத்தப்படுகிறது. காற்றழுத்தம் பெருமளவு குறைந்தால் வலுவான ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும் அமைப்பும் இப்போது உள்ளது. எனினும், தொட்டியின் நீரை வடிக்கும் வழக்கத்தைக் கைவிடக் கூடாது.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

* வாகனத்தின் அடிப்பகுதியை நன்னீரால் அடிக்கடி கழுவ வேண்டும். கடற்கரை மணலிலோ அலை தெறிக்கும் சாலையிலோ ஓட்டினால் அன்றே கழுவுவது நல்லது.
* ஈரமான வாகனத்தை உடனே உறையிட்டு மூடக் கூடாது. உறைக்குள் ஈரம் தங்கும்.
* பிரேக் திரவத்தைப் பொதுவாக இரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.
* பைக் செயினைக் கழுவி, உலர்த்திய பின்னரே எண்ணெய் இட வேண்டும்.
* மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பிரேக் குழாய், சேஸிஸ், சஸ்பென்ஷன் இணைப்புகளை வாகனத்தைத் தூக்கி வைத்துப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.
* பழைய வாகனம் வாங்குவோர் வண்ணப் பூச்சை மட்டும் பார்க்காமல் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கு புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால், அதன் கீழ் துரு உள்ளதா என்று சோதிக்க வேண்டும்.

வாகனங்களும் உதிரிபாகங்களும் பெருமளவில் பிரதான நிலப்பரப்பிலிருந்து கப்பலில்தான் வருகின்றன. சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையேயான கடல்வழித் தொலைவு சுமார் 1,190 கி.மீ. கடையில் கிடைக்காத ஒரு பாகத்துக்காக வாகனம் நாள்கணக்கில் நிற்க நேரிடும். காத்திருக்க இயலாமல் பழுதான பிரேக்குடன் வாகனத்தைச் சாலையில் எடுப்பது உயிருக்கே ஆபத்தானது. துருவைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இவ்விரண்டையும் தவிர்க்க உதவும்.