தந்தை பெயரும் குலப் பெயரும்

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கே ஆபர்கவென்னி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் தூய மரியாள் ஆலயத்தில், அலபாஸ்டர் என்னும் மென்கல்லில் வடித்த இரு உருவங்களை நாம் காணலாம். ஒருவர் கவசம் பூண்ட வீரர் வில்லியம் அப் தாமஸ். அருகே துயில்பவர் அவர்தம் துணைவியார் குலாடிஸ்.

‘அப்’ எனில் மகன் என்று பொருள். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் அக்கால வேல்ஸ் மக்களிடையே வேரூன்றவில்லை. தந்தை, பாட்டன், பூட்டன் என்று பெயர்களை அடுக்கிச் சொல்வதே அவர்களுக்குக் குடிவழியாகும். பழைய வேல்ஸ் சட்டத்தில் நிலவுரிமைக்கும் அதுவே ஆதாரம்.

குலாடிஸின் தந்தை தாவித் காம், 1415-இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கில மன்னர் ஐந்தாம் ஹென்றிக்காகப் போரிட்டு மாண்டவர். வில்லியம் 1426-இல் நைட் பட்டம் பெற்றார், ராக்லன் கோட்டைக்கு உரியவரானார், 1445-இல் மறைந்தார்.

இவர்களுடைய மைந்தரான மற்றொரு வில்லியம், ஆங்கில அரசியலில் புகுந்து உயர்ந்தார். ஆங்கில முறைப்படி ஹெர்பர்ட் என்னும் குலப் பெயரையும் மேற்கொண்டார். நீலமும் சிவப்புமாக நெடுக்கே பிரிந்த கேடயத்தில் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் அக்குலத்தின் சின்னமாயின. 1468-இல் அவர் பெம்புரோக் பிரபுவானார். மறு ஆண்டே எட்ஜ்கோட் போரில் தோற்று, தம்பி ரிச்சர்டைப் போலவே தலை கொய்யப்பட்டார்.

டின்டர்ன் மடத்தில் அடக்கமான பிரபுவின் கல்லறை இன்று இல்லை. தம்பியின் உருவமோ பெற்றோர் துயிலும் ஆலயத்திலேயே உள்ளது. பெம்புரோக் பிரபு யாருடைய மகன் என்பதை அவர் ஏற்ற புதுப்பெயர் நமக்குச் சொல்லாது. அதை அறிய ஆபர்கவென்னிக் கல்லறையையே நாம் நாடவேண்டும்.