விருந்தினர் படுக்கையும் வெள்ளாவியும்: உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு வழக்கத்தின் வரலாறு

ஊருக்கு வரும் அயலாருக்குச் சோறும் நீரும் தங்க நிழலும் தருவதை அறமாகக் கொண்டிருந்த தொண்டை நாட்டுச் சிற்றூர்கள், அவர் விரித்துப் படுக்கும் துணியைத் தருவதை அண்மைக்காலம் வரை அந்த அறத்துள் சேர்க்கவில்லை. படுக்கை என்பது வழிப்போக்கர் தாமே சுருட்டிச் சுமந்துவரும் பொருளாக இருந்தமையால், ஒருவர் படுத்தெழுந்த விரிப்பை அடுத்தவருக்கு எவ்வாறு தூய்மையாக்கித் தருவது என்ற கேள்வி சத்திரத்துக்கோ திண்ணைக்கோ எழவில்லை. அது எழுந்த இடங்கள் வேறு: திருமண வீடு, மருத்துவச் சாலை, பின்னாளில் தங்கும் விடுதி, இரயில் பெட்டி, இன்றைய பண்ணை விடுதி. இவ்விடங்களில் எல்லாம் அக்கேள்விக்கு விடையாக நின்றது துணி வெளுக்கும் வண்ணார் சமூகத்தாரின் உழைப்பும், அவர்கள் நெருப்பையும் நீரையும் கையாண்ட அறிவுமே ஆகும். விருந்தோம்பலைப் போற்றிப் பேசும் நூல்கள் பலவற்றில் அந்த உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

உத்திரமேரூர் என்றவுடன் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் அடித்தளத்தில் உள்ள முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளும், அவை விவரிக்கும் குடவோலைத் தேர்தலும் நினைவுக்கு வருகின்றன. அத்தேர்தலில் தெரிவானோர் அமர்ந்த வாரியங்களுள், அதாவது ஊர்ச்சபையின் செயற்குழுக்களுள், ஏரி வாரியம் ஒன்று. பல்லவர் காலத்தில் அமைந்த வயிரமேகத் தடாகம் உள்ளிட்ட நீர்நிலைகளைத் தூர் எடுத்துக் கரை காப்பது அதன் கடமை. துணி வெளுக்கும் தொழில் ஏரியையும் அதன் துறையையும் நம்பியே நடந்தது என்பதால், பாசனத்துக்கென்று நடந்த அந்தப் பராமரிப்பு வெளுப்போருக்கும் வாழ்வளித்தது. சோழர் செப்பேடுகள் ஊர்களுக்கு விலக்களித்த வரிகளை அடுக்கும்போது தறி மீதான வரியுடன் வண்ணாரப்பாறை என்ற ஒன்றையும் குறிப்பிடுகின்றன. துணி அடிக்கும் கல்லின் மீது விதிக்கப்பட்ட இறையாக அதைக் கல்வெட்டறிஞர்கள் கொள்கின்றனர். வெளுக்கும் கல் வரிக்குரிய உடைமையாக எண்ணப்பட்டது என்பதே, அத்தொழில் அன்றைய ஊர்ப் பொருளாதாரத்தில் பெற்றிருந்த இடத்தைக் காட்டப் போதுமானது.

உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த திருமுக்கூடலின் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டின் அறுபதுகளைச் சேர்ந்த இக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடந்த வேதக் கல்விச் சாலையையும், மாணவர் விடுதியையும், ஆதுலசாலை எனப்பட்ட மருத்துவமனையையும் பற்றிய செலவுக் கணக்கைத் தருகிறது. நோயாளிகள் 15 பேர் கிடந்து மருத்துவம் பெற இடம் இருந்தது. அவர்களுக்கென மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், பணிவிடை செய்யும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்பவர் ஒருவர் ஆகியோர் ஊதியத்துடன் அமர்த்தப்பட்டனர். ஒருவர் எழுந்த இடத்தில் மற்றொருவர் கிடக்கவேண்டிய ஓரிடத்தில் நீருக்கும் நாவிதருக்கும் பணிப்பெண்களுக்கும் தனித்தனியே நெல் ஒதுக்கப்பட்டிருப்பது, தூய்மை என்பது கூலி கொடுத்து நாள்தோறும் செய்விக்க வேண்டிய வேலை என்ற தெளிவு இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததை உணர்த்துகிறது.

பொதுவான வழிப்போக்கர் நிலை இதனினும் எளியது. திண்ணையிலோ சத்திரத்துக் கூடத்திலோ அவர் தம் மேல்துண்டை விரித்துப் படுத்தார். வீட்டுக்கு உரியவர் தந்தால் கோரைப்பாய் ஒன்று கிடைத்தது. அண்டையிலுள்ள வந்தவாசி இன்றும் கோரைப்பாய் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊராகும். பாய்க்கு இருந்த சிறப்பு அதன் மலிவு மட்டுமன்று. பஞ்சு மெத்தை வியர்வையை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ள, வழுவழுப்பான கோரைத் தண்டு ஈரத்தை அவ்வளவாக ஏற்பதில்லை. காலையில் உதறி, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காட்டினால் மாலையில் மற்றொருவருக்கு விரிக்கலாம். வெப்பநாட்டில் வந்துபோவோர் பலர் மாறிமாறிப் படுக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான படுக்கை அரிது என்றே சொல்லவேண்டும்.

பாய்க்கு மேல் விரிக்கும் துணியின் தூய்மையோ வண்ணாரின் கையில் இருந்தது. களர் நிலத்து நீரில் துணி வெளுப்பதும் கஞ்சிப்பசை இடுவதும் சங்கப் பாடல்களிலேயே பேசப்படும் பழைய தொழில்கள். அண்மை நூற்றாண்டுகளில் இவ்வட்டாரத்திலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்கிய முறைக்கு வெள்ளாவி என்று பெயர். வீடு வீடாகச் சேர்த்த அழுக்குத் துணியை முதலில் தரம் பிரிப்பர். பின்னர் உவர்மண் கரைத்த நீரில் தோய்ப்பர். உவர்மண் என்பது கோடையில் களர் நிலத்தின் மேல் வெண்மையாகப் பூக்கும் மண். அதிலுள்ள சோடியம் கார்பனேட் துணியில் படிந்த எண்ணெயையும் வியர்வைக் கொழுப்பையும் இளக்கிக் கரைக்கும். தோய்த்த துணிகளை, நீர் நிரம்பிய பெரும் பானைகள் பதித்த அடுப்பின் மேல் கோபுரமாக அடுக்கி மூடி, இரவெல்லாம் தீ எரித்து ஆவியில் அவிப்பர். கனத்த விரிப்புகளுக்கும் மெல்லிய துணிகளுக்கும் அடுக்கில் இடம் வேறு. தீ மிகுந்தால் துணி கருகும், குறைந்தால் அழுக்கு இளகாது என்பதால் இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்து விறகைத் தள்ளவேண்டும். விடியலில் துறைக்குக் கொண்டுசென்று கல்லில் அடித்து அலசி, நீலமிட்டு, கஞ்சி தேவைப்படுவதற்குக் கஞ்சியிட்டு வெயிலில் உலர்த்துவர்.

சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணியும், துணியில் தங்கும் பேனும், மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் 50 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதிக நேரம் தாங்குவதில்லை என்று இன்றைய மருத்துவமும் பூச்சியியலும் கூறுகின்றன. விடுதி விரிப்புகளை 60 பாகை வெந்நீரில் துவைக்கவேண்டும் என்ற இக்கால அறிவுரைக்கு இதுவே அடிப்படை. இரவு முழுதும் நீராவியில் வெந்த துணி அந்த வெப்பத்தைத் தாண்டியே துறைக்குச் சென்றது. நுண்ணுயிர் என்ற கருத்து அறியப்படாத காலத்தில், கண்ணுக்குத் தெரியும் வெண்மையை நாடிச் செய்யப்பட்ட வேலை, கண்ணுக்குத் தெரியாத தீங்கையும் நீக்கிற்று.

இவ்வேலைக்கு ஊர் தந்த கைம்மாறு பெரும்பாலும் தானியமாகவே இருந்தது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கல்பட்டுச் சாகீரில், அதாவது வருவாய் உரிமை பெற்ற நிலப்பகுதியில், உத்திரமேரூர்ப் பகுதியும் அடங்கும். அச்சாகீரைத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்து தொகுத்த கணக்குகளில், களத்து நெல்லைப் பங்கிடுமுன் கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் எடுத்து வைக்கப்பட்ட பங்குகள் பதிவாகியுள்ளன. தச்சர், கொல்லர், குயவர், நாவிதர் ஆகியோருடன் வண்ணாரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். இவ்வாறு களத்தில் பிரியும் பங்குக்கு மேரை என்று பெயர். ஒரு விரிப்புக்கு இவ்வளவு என்று விலை பேசும் முறை அங்கு இல்லை. ஊரின் தூய்மைக்கு ஊரின் விளைச்சலில் பங்கு உண்டு என்பதே ஏற்பாடு. ஆனால் அப்பங்கின் அளவையும் அதைப் பெறுவோரின் நிலையையும் வரையறுக்கும் உரிமை வெளுப்போரிடம் இருந்ததில்லை.

ஒரே அடுக்கில் வெந்த பல வீட்டுத் துணிகள் மாறிப்போகாதிருக்கச் சேங்கொட்டையின் சாற்றால் ஓரத்தில் குறியிடும் வழக்கம் இருந்தது. எத்தனை வெள்ளாவி கண்டாலும் அழியாத அக்கருமையில் புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்து வீட்டைக் காட்டின. அச்சாறு தோலைப் புண்ணாக்கவல்லது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கிய அமெரிக்கப் படைவீரர்களுக்கு இக்குறிகளால் தோல் அழற்சி உண்டானதை அந்நாட்டு மருத்துவர்கள் 1943-இல் மருத்துவ இதழில் எழுதினர். அக்குறியைத் தலைமுறைகளாகக் கையால் இட்டுவந்தவர்களின் தோல் என்னவாயிற்று என்பதும் அதே அக்கறையுடன் ஆராயப்பட்டிருக்க வேண்டும்.

அயலார் பலர் ஒரே விரிப்பில் அமர்ந்தும் படுத்தும் எழும் நிகழ்வாக ஊரில் இருந்தது திருமணமே. அதற்கென வண்ணார் தம் பொறுப்பில் வெளுத்த துணிகளைக் கொணர்ந்து விரித்தனர். மாற்று எனப்பட்ட இத்துணி பூப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றிலும் இன்றியமையாததாக இருந்தது. உடல் அழுக்கை நீக்குவதும் தீட்டு என்று கருதப்பட்டதை நீக்குவதும் இவ்வழக்கத்தில் ஒன்றாகப் பின்னியிருந்தன. பிறருடைய மகப்பேற்றுத் துணியையும் இறப்பு வீட்டுத் துணியையும் வெளுத்துத் தூய்மையாக்கியவர்களே, அத்துணியைத் தொட்டமையால் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டனர். தலித் மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார் இதனினும் கொடிய ஒதுக்கலுக்கு ஆளாயினர். அவர்களுக்கெனத் தமிழக அரசு நல வாரியம் ஒன்றை 2009-இல்தான் அமைத்தது. சத்திரங்கள் பலவும் சாதி பார்த்தே இடமளித்தன என்பதையும் சேர்த்து நோக்கினால், விருந்தோம்பலின் வெண்மைக்குப் பின்னால் இருந்த அநீதியைக் குறைத்துச் சொல்ல வழியில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் பயணியர் மாளிகைகள் எழுந்தபோதும் படுக்கை விருந்தினருடையதாகவே நீடித்தது. 1867-ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம் அறைகளையும் தாழ்வாரங்களையும் வடிகால்களையும் கிணறுகளையும் தூய்மையாக வைக்கும் கடமையைச் சத்திரம் நடத்துவோர் மீது சுமத்தியது. அக்காலத்துத் தங்குமிடத்தில் அதை நடத்துபவரின் பொறுப்பில் இருந்தவை அவையே. மரே நிறுவனத்தின் இந்தியப் பயணக் கையேடு, உள்ளூர்ப் பகுதிகளுக்குச் செல்வோர் தம் தலையணையையும் போர்வையையும் உடன்கொண்டு செல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது. தடித்த துணியில் வாரிட்டுக் கட்டிய ஹோல்டால் என்னும் படுக்கைச் சுருள், இரயில் நிலையங்களில் நெடுங்காலம் காணப்பட்ட பயணப் பொருளாயிற்று.

மெத்தையும் கட்டிலும் விடுதிக்கு உரியவையான பின்னரே சிக்கல் முழு உருவம் பெற்றது. இலவம் பஞ்சு மெத்தையைத் துவைக்க இயலாது. அதன் தையலோரம் மூட்டைப்பூச்சிக்கு ஏற்ற உறைவிடம். செல்வர் வீடுகளில் உறை மட்டும் வெளுப்புக்குச் செல்ல, மெத்தையை வெயிலில் புரட்டுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை அடித்து மீண்டும் திணிப்பதும் வழக்கம். கயிற்றுக் கட்டிலுக்குக் கொதிநீர் ஊற்றினர். அப்பூச்சியின் மீதான அச்சம் அறிவியலிலும் இடம்பிடித்தது. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியை மருத்துவர் சார்லஸ் டொனோவன் 1903-இல் சென்னையில் கண்டறிந்தபின், அதைப் பரப்புவது மூட்டைப்பூச்சியாக இருக்கலாம் என்று டபிள்யூ. எஸ். பேட்டன் 1907-இல் சென்னையில் ஆய்ந்து எழுதினார். உண்மையில் பரப்புவது மணல் ஈ என்பது 1942-இல் உறுதியாயிற்று. நோயைப் பரப்பாவிடினும் உறக்கத்தைக் கெடுக்கும் அப்பூச்சி விருந்தினரின் பெட்டி வழியாகவே ஊர் ஊராகச் செல்கிறது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தங்கும் விடுதிகளைப் பதிவுக்கு உட்படுத்தியதோடு, தொற்றுக்குள்ளான பொருள்களை நச்சுநீக்கம் செய்யவும் விதித்தது. படுக்கைத் துணி அறத்தின் எல்லையிலிருந்து சட்டத்தின் எல்லைக்கு வந்தது இவ்வாறே.

விரிப்பைத் தருவது விடுதியின் கடமை என்ற எண்ணம் எவ்வளவு புதியது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020-இல் இரயில்வே குளிரூட்டப்பட்ட பெட்டிகளில் விரிப்பும் போர்வையும் தருவதை நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் மீண்டும் தரத் தொடங்கியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் பயணிகள் தம் போர்வையைத் தாமே சுமந்தனர். வெள்ளை விரிப்புகள் ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னும் துவைக்கப்படுகின்றன என்றும், கம்பளிகள் மாதம் ஒருமுறையேனும் துவைக்கப்படுகின்றன என்றும் இரயில்வே அமைச்சர் 2024 நவம்பரில் மக்களவையில் தெரிவித்தார். துவைக்க எளியதை உடலுக்கு அருகிலும் துவைக்க அரியதை அதற்கு அப்பாலும் வைக்கும் பழைய அடுக்குமுறையே இதிலும் தொடர்கிறது. கம்பளிக்கும் உடலுக்கும் இடையில் மற்றொரு வெள்ளை விரிப்பு இருந்தாலன்றி அம்முறை பயன் தராது.

நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டம், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விட இடமளித்து, நல்ல விரிப்பும் படுக்கையும் வைத்திருக்கக் கோருகிறது. சிற்றூர்ப் பண்ணை வீடுகளும் இப்போது அவ்வழியில் விருந்தினரை ஏற்கின்றன. கட்டில் ஒன்றுக்கு மூன்று இணை விரிப்புகள், அதாவது கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்பது விடுதித் தொழிலின் பொதுக் கணக்கு. இவ்வட்டாரத்தில் அக்கணக்கு பிசகும் பருவம் ஒன்று உண்டு. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வரத்தொடங்கி, அவற்றைக் காண ஆட்கள் வரும் கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழையின் மாதமும் ஆகும். கொடியில் போட்ட விரிப்பு இரண்டு நாளாயினும் முழுதாக உலராது, ஈரம் தங்கிய துணி பூஞ்சை நாற்றம் கொள்ளும். சலவை இயந்திரம் வந்தபின் வெள்ளாவி அடுப்புகள் பெரும்பாலும் அணைந்துவிட்டமையால், பழைய தொழிற்குடும்பங்கள் பல இன்று தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டி வைத்துத் துணி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றன. அரைகுறையாக உலர்ந்த விரிப்பின் ஈரத்தை வாங்கி, ஓரத் தையலின் மடிப்புகள் வரை சூட்டைச் செலுத்தி, அதை அடுத்த விருந்தினருக்கு உரியதாக்கும் வேலை மழைக்காலத்தில் அந்த வண்டிகளிலேயே நடக்கிறது.